பவுண்

மார்கழி வெள்ளம் வடிந்த காலை
தவநேசனின் இறால் கூட்டுக்குள் கிடந்தது.
ஒரு சாணும் நாலு விரற்கடையும்.
முதுகில் மஞ்சள் வரி.
"பவுண் மாதிரி மின்னுது பார்" என்றான்.
அப்படித்தான் பெயர் வந்தது.

நான் அந்த வீட்டுக்காரனில்லை.
மூதூர் இறங்குதுறையில் ஐஸ் உடைப்பவன்.
பின்னேரம் பாலம் கடந்து
கட்டைபறிச்சானுக்குத் திரும்புகையில்
மீன் தலையும் குடலும் வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.
குற்றத்தில் என் பங்கு அந்த வாளியளவு.

சுனாமிக்குப் பிறகு எவரோ கட்டித் தந்த
தண்ணீர் வராத தண்ணீர்த் தொட்டி.
அதுதான் அதன் களப்பு, கங்கை, கடல்.
தவநேசன் அகப்பைக் காம்பால் விளிம்பில் தட்டுவான்,
டொக் டொக் டொக்.
அடியிலிருந்து இரண்டு கண் எழும்.
முதல் வருஷம், கொழும்பிலிருந்து வந்த மச்சான்காரன்
தோளில் துவாய் மாதிரிப் போட்டுப் படமெடுத்தான்.
"நல்லாப் பழகிட்டுது" என்றார்கள் எல்லோரும்.

பழகிட்டுது.
அந்தச் சொல்லை நானும் சொன்னேன்.
திருகோணமலை பஸ் நிலையத்தில்
பொலித்தீன் பையை மென்றபடி
பயணிகளின் மடியை மோந்து பார்க்கும் மான்களையும்
அப்படித்தான் சொல்கிறோம்.
எங்களோடு பழகினவா, எங்கள் குப்பையோடா,
யாரும் கேட்டதில்லை.
மானிடம் கேட்காமல் விடலாம்.
மானுக்கு அந்தப் பல் இல்லை.

அவன் கெட்டவனில்லை.
சண்டைக்கு ஓடிய வருஷம்
சம்பூரில் கட்டின மாட்டைக் கட்டினபடியே விட்டு வந்தவன்.
"கயித்தை அவிழ்க்க ஒரு நிமிஷம்,
நான் நிண்டிருக்கலாம்"
என்று குடித்த இரவுகளில் சொல்வான்.
அதற்குப் பிறகு மாடு வாங்கவில்லை.
தொட்டியருகே பாய் போட்டுப் படுத்தான்.
அடைமழையில் குடை பிடித்தான், முதலைக்கு.
சிரிக்காதீர்கள்.
நானும் அந்தக் குடைக்குள் நின்றிருக்கிறேன்.

நாலு வருஷத்தில் ஆளுயரம் வந்தது.
தொட்டி வளரவில்லை.
திரும்ப இடமின்றி சீமெந்தில் உரசி உரசி
மூக்கு வெள்ளையாய்ப் போயிற்று.
ஒரு நாளும் கடிக்கவில்லை.
எங்களைக் கெடுத்தது அதுதான்.
ஒரு விரலையாவது எடுத்திருந்தால்
அன்றைக்கே விளங்கியிருக்கும்.

விளங்கியது ஒரு கரண்டியால்.
புனிதமலரின் பிள்ளை, நடக்கத் தொடங்கி ஒன்பது நாள்,
தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று
டொக் டொக் டொக்.
உள்ளே தண்ணீர் அசைந்தது.
புனிதமலர் கத்தவில்லை.
பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு
"இண்டைக்கு இரவு" என்றாள் புருஷனிடம்.
"அது, இல்லாட்டி நாங்கள்."

வனஜீவராசிகள் கந்தோருக்குச் சொல்லியிருக்கலாம்.
வழக்கு வரும் என்று பயந்தோம்.
வாயைச் சைக்கிள் டியூப்பால் கட்டி, படங்கில் சுற்றி,
லேண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி
கண்டல் மரங்களுக்குள் இறக்கினோம்.
கட்டை அவிழ்த்த பிறகும் போகவில்லை.
அவன் காலடியில் கிடந்து
கையைப் பார்த்தது. முகத்தை அல்ல.
அவன் அழுதான்.
நான் கவனித்தேன், சொல்லவில்லை.

விடியப் போயிருந்தது.
பெரிய புண்ணியம் செய்தவர்கள் போல
தேத்தண்ணி குடித்தோம்.

களப்பில் வலை வளைத்த பிறகு
மீன் கலைக்க வள்ளத்து விளிம்பில் துடுப்பால் தட்டுவார்கள்.
எனக்குத் தெரியாததல்ல.
தெரிந்ததை அந்த ஓர் இரவு
தெரியாமல் வைத்திருந்தேன்.

நேற்று சதக்கு காக்கா ஐஸ் வாங்க வந்தார்.
"ஒரு முதல இருக்கு தம்பி.
மத்ததெல்லாம் சத்தம் கேட்டா ஓடும்,
இது சத்தம் கேட்டா வருது.
மூக்கு வெள்ள.
கடன் குடுத்தவன் மாதிரி
வள்ளத்துக்குப் பக்கத்துல நிக்கிது."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சுத்தியல் என் கையில் நின்றது.
"தட்டாதீங்க காக்கா" என்றேன்.

"தட்டாம மீன் எப்படிக் கலையும்?" என்றார்.